ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குழாய்

ஓர் அரசுப் பள்ளிக்கு வரவேண்டிய இரண்டு வகுப்பறைகளை வரவிடாமல் செய்தவன் நான். இந்த மாதிரிக் காரியத்தைச் செய்ய அரசியலில் இருக்க வேண்டும், குறைந்தது ஒப்பந்தக்காரராகவாவது இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அவசியமில்லை. நல்ல மனசும் நான்கு அங்குல பிரஷ்ஷும் இருந்தால் போதும். மனசு எப்படியோ, பிரஷ் இன்னும் இருக்கிறது. பால்கனியில், ஒட்டடைக் குச்சிக்குப் பக்கத்தில், காய்ந்து விறைத்துக் கிடக்கிறது. தூக்கி எறியப் போனபோது, "நீங்க பண்ணதுக்கு அது என்னங்க பண்ணும்" என்று மனைவி தடுத்துவிட்டாள்.

நடந்ததை ஒரு மதிலிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

பட்டாபிராமைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். ஓடு போட்ட கட்டடம் ஒன்று, தளம் போட்ட கட்டடம் ஒன்று, நடுவில் ஒரு கைப்பம்பு. பள்ளிக்கூடம் முழுவதற்கும் அந்த ஒரு பம்புதான். ஒருத்தர் அடிக்க வேண்டும், ஒருத்தர் கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். ஆகவே எங்களுக்குத் தாகம் ஜோடி ஜோடியாகத்தான் எடுக்கும். கூடப் படிப்பவர்களோடு சண்டை போட்டால் சாயங்காலம்வரை தொண்டை வறளும். ஒற்றுமையைப் பற்றி யாரும் எங்களுக்குத் தனியாகப் பாடம் நடத்தியதில்லை.

பள்ளியின் பின்னால் அந்த மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பு. அதற்குள் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அதுவும் அரசுப் பள்ளிதான், எங்களுடையதும் அரசுப் பள்ளிதான். அதற்கு தில்லியிலிருந்து பணம் வந்தது. எங்களுக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து சாக்பீஸ் வந்தது, வந்த மாதங்களில். அவர்களுடைய மணி கணீரென்று ஒலிக்கும். எங்களுடையது தண்டவாளத் துண்டு. அவர்கள் மணியடித்தபிறகுதான் எங்கள் வாத்தியார் தண்டவாளத்தைத் தட்டுவார், அவருக்கு வாட்ச் இல்லாததால்.

என் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கவில்லை. தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்களில் வேலை பார்த்தார். குடியிருப்பு வாசலுக்கு ஆறடி தள்ளி, புளியமரத்தடியில் பஞ்சர் கடை. அந்த ஆறடிக்கு உள்ளே இருந்திருந்தால் நான் அந்தப் பள்ளி. வெளியே இருந்ததால் இந்தப் பள்ளி. புவியியலை யாரும் எனக்கு இதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருடைய சைக்கிளைச் சரிசெய்து, அதைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அப்பா என்னை உள்ளே அனுப்பினார். காவலாளி சைக்கிளைப் பார்த்துவிட்டு என்னை விட்டார். சைக்கிள் இல்லாமல் போயிருந்தால் விட்டிருக்கமாட்டார். இளமஞ்சள் சுவர்கள், இடுப்பு உயரம்வரை செங்காவி. நீண்ட தாழ்வாரம். ஆசிரியரைத் தேடிக்கொண்டு போனவன் ஒரு ஜன்னலில் நின்றுவிட்டேன்.

உள்ளே நீளமான கறுப்பு மேசைகள். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் கொக்கின் கழுத்தைப்போல வளைந்த ஒரு குழாய், அதன்கீழே ஒரு வெள்ளைத் தொட்டி. என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. யாரும் அடிக்கவில்லை, யாரும் யாரிடமும் பழம் விடவில்லை, அதுபாட்டுக்கு வந்தது. அவள் கண்ணாடிக்குடுவை ஒன்றைக் கழுவினாள், மூடினாள். குடிக்கக்கூட இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சைக்கிளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபோது, "ஒரு சைக்கிளை வுட்டுட்டு வர்றதுக்கு இவ்ளோ நேரமா" என்று அப்பா கேட்டார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குழாய் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த அறைக்குள் போயிருந்தால் விஞ்ஞானி ஆகியிருப்பேன் என்று நான் சொல்லவரவில்லை. என் கையில் கண்ணாடிக்குடுவையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வீட்டில் உடைந்த டம்ளர்கள் சொல்லும். ஆனால் உள்ளே போய் உடைத்துவிட்டு வெளியே வருவதற்கும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பிறகு நான் படித்ததெல்லாம் குழாய் தேவைப்படாத படிப்பு. வணிகவியல். வேலையும் அப்படித்தான், நாற்காலியும் முத்திரையும். பல வருஷம் கழித்து மகளைத் தனியார் பள்ளியில் சேர்க்கப் போனபோது, கட்டண விவரத்தைக்கூடக் கேட்காமல் ஆய்வகத்தைக் காட்டச் சொன்னேன். மேசைகளை எண்ணினேன், குழாய்களை எண்ணினேன், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கூட வந்த பெண்மணி, "சார் பிளம்பிங் லைனா?" என்று மரியாதையாகக் கேட்டார். மகள் அதன்பிறகு அந்தப் பள்ளிக்கு என்னை அழைத்துப்போகவே இல்லை. அவள் படித்தது வரலாறு.

சென்ற வருஷம் பட்டாபிராமில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். நான் இருப்பது இரண்டு ஸ்டேஷன் இந்தப் பக்கம், ஆவடியில், அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாற்பது வருஷமாகப் பழைய பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பந்தி தாமதமானதால் நடந்து போனேன். பந்தி நேரத்தோடு நடந்திருந்தால் அந்தப் பள்ளிக்கு இன்று இரண்டு புது அறைகள் இருந்திருக்கும்.

ஓட்டுக்கட்டடம் எப்போதோ பூட்டப்பட்டு, உள்ளே அரசமரம் முளைத்திருந்தது. தளம் போட்ட கட்டடத்தில்தான் எட்டு வகுப்பும். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எட்டாம் வகுப்பு தாழ்வாரத்தில். சமையல் கொட்டகையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள், சத்துணவு சமைப்பவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சைக்கிள் கட பையன் தான நீ?"

நான் விழித்தேன்.

"இன்னா பா முழிக்கிற? பம்பு அடிச்சி அடிச்சி என் கையி காப்பு காச்சிப் போச்சி, உனுக்குத் தண்ணி குடுத்து. நீ ஒருநாளாவது எனுக்கு அடிச்சியா?"

என் வகுப்புத்தோழி. எனக்குத் தலை வழுக்கையாகி, கண்ணாடி வந்து, தொப்பையும் வந்த பிறகு ஒரே பார்வையில் அடையாளம் கண்டுவிட்டாள். பழைய பாக்கி என்றால் ஞாபகசக்தி கூர்மையாகத்தான் இருக்கும்.

அவள்தான் என்னைத் தலைமையாசிரியையிடம் கூட்டிப் போனாள். ஒல்லியான பெண்மணி, பேச்சில் சிக்கனம். அறிமுகத்துக்குப்பின் இரும்பு பீரோவைக் காட்டினார். அதன்மேல் ஒரு பெரிய அட்டைப் பெட்டி, நாடா போட்டுக் கட்டியபடி.

"அறிவியல் பெட்டி சார். டிபார்ட்மென்ட்ல குடுத்தது. மூணு வருஷமாச்சு."

"பிரிக்கலையா?"

"பிரிச்சு எங்க வைக்கிறது? ரூம் இல்லாத எடத்துல பிரிச்சா ஒரே வாரத்துல உடைஞ்சிடும். பெட்டிக்குள்ள இருந்தா லிஸ்ட்ல இருக்கிறபடி எண்ணிக்கையாவது சரியா இருக்கும்."

பிறகு என்னை வெளியே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். ஜன்னலின் மேல் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். என் சுண்டுவிரல் உள்ளே போனது. உள்ளே தாழ்வாரக் கூரையில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. அதற்கு நேர்கீழே உட்காராதபடி எட்டாம் வகுப்பு பிறைநிலா வடிவத்தில் உட்கார்ந்திருந்தது.

"இந்த வருஷம் புதுக் கட்டடத்துக்கு லிஸ்ட் எடுக்கிறாங்க சார். இருக்கிறதுலயே மோசமான ஸ்கூலுக்கு ரெண்டு ரூம். ஒண்ணுல ஏழாம் வகுப்பு, இன்னொண்ணு லேபு. லீவு முடிஞ்ச மொத திங்கக்கிழமை இன்ஜினியர் பார்க்க வராரு. நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, சுவரே பேசும்."

இதை அவர் தமிழில்தான் சொன்னார். எனக்கும் தமிழ் தெரியும். புத்தகங்கள் நிறையப் படித்தவன் என்ற பெயர் வேறு உண்டு. ஆனால் என் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம்: பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார்.

எங்கள் காலத்தில் பள்ளிக்கு அதிகாரி வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முதல்நாள் பாடம் கிடையாது. பெண்பிள்ளைகள் தரையைக் கழுவுவார்கள். பையன்கள் அரிசி மில்காரர் வீட்டிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தலையில் சுமந்து வருவோம். அதிகாரியின் ஜீப் எந்தப் பக்கமாக வருமோ அந்தப் பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு. கிழிந்த சட்டைக்காரர்கள் அன்று பின்வரிசை. அதிகாரி பார்ப்பார், "பரவாயில்லையே" என்பார், டீ குடிப்பார், போவார். மறுநாள் தொட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எது இல்லையோ அது இல்லாமலே படிப்போம். அதிகாரி கண்ணில் இல்லாமை படக்கூடாது என்பதை அரிச்சுவடிக்கு முன்பே கற்றவர்கள் நாங்கள். எங்கள் பள்ளிக்கு ஏன் எதுவும் வரவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். தலையில் குரோட்டன்ஸ் தொட்டியோடு யோசித்ததால் விடை தெரியவில்லை.

காதுகுத்துச் சாப்பாட்டை மறந்துவிட்டு ரயிலேறினேன். மனதில் நிறம்கூட முடிவாகிவிட்டது. இளமஞ்சள், இடுப்பு உயரம்வரை செங்காவி.

எங்கள் அடுக்ககத்துக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொங்கல் விழாவுக்கு வசூலித்ததில் மிச்சம் இருந்தது. வாட்ஸாப் குழுவில் நான் என் பழைய பள்ளியைப் பற்றி உருக்கமாக எழுதினேன். எழுதி எழுதிப் பழகிய கை. கைப்பம்பு வரும் இடத்தில் நானே கண் கலங்கினேன். அரைமணி நேரத்தில் கும்பிடும் கைகள் நாற்பது வந்தன. ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள், திருநெல்வேலியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்து எங்கள் மாடிகளில் குடியிருப்பவர்கள், பத்துப் பேர் வருவதாகச் சொன்னார்கள். செயலாளர் தனியாக என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒர்க் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. போர்டு பெருசா இருக்கணும்."

"எதுக்கு சார்?"

"அடுத்த வருஷம் வசூலுக்கு."

போர்டு ஆறடிக்கு நாலடி. மேலே கொட்டை எழுத்தில் 'உபயம்'.

தலைமையாசிரியைக்குச் சொல்லவில்லை. அவர் விடுமுறைக்குச் செய்யாறு பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது திட்டம். ஞாயிறு காலை நாங்கள் போய் இறங்கியபோது சாவி வைத்திருந்த என் வகுப்புத்தோழி வாசலை மறித்து நின்றாள்.

"டீச்சரம்மாவாண்ட கேட்டியா?"

"சர்ப்ரைஸ்."

"என் ஊட்டுல என் பொண்ணும் அப்டித்தான் சர்பிரைஸுன்னு ஒருத்தனைக் கூட்டிகினு வந்தா. இன்னிக்கி வரைக்கும் எங்கூட்டுக்காரு வெளித் திண்டுல தான் படுக்கிறாரு."

ஆனாலும் திறந்துவிட்டாள். பின்னால் அதற்காகவும் என்னைத் திட்டினாள்.

அன்று நாங்கள் செய்த வேலையைப் பற்றிக் குறையாகச் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் பிரச்சினை. இளைஞர்கள் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு நிஜமாகவே வேலை செய்தார்கள். அந்த விரிசலை மட்டும் யாரிடமும் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன். உதிரியைச் சுரண்டி, சுவர்ப்பட்டி மாவைப் பிசைந்து, தகட்டால் உள்ளே அழுத்தி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஓர் ஆணி அடித்ததில்லை. ஆனால் அந்த விரிசலை நான் மூடிய விதத்தை ஒரு கைதேர்ந்த கொத்தனார் பார்த்திருந்தால் வேலைக்குக் கூப்பிட்டிருப்பார். கூரையில் கம்பி தெரிந்த இடத்தில் ஈரோட்டு இளைஞர் ஒருவர் பெரிய சூரியக்குடும்பப் படத்தை ஒட்டினார். சனிக்கிரகத்தின் வளையம் கம்பியைச் சரியாக மறைத்தது.

சாயங்காலம் எல்லாரும் ரயிலுக்குப் போனபிறகு நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் இறங்கி மஞ்சள் சுவரில் விழுந்தது. செங்காவிக்கோடு நூல் பிடித்ததுபோல இருந்தது. ஒரு ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். காலியான அறை, கறுப்பு மேசை இல்லை, குழாய் இல்லை, பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த நிறத்தின் நடுவே நிற்கும்போது, யாரோ மதிலைப் பெயர்த்து எனக்கு இந்தப் பக்கமாக நட்டுவிட்டதுபோல இருந்தது. இத்தனை வருஷமாக எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று அப்போது துல்லியமாகத் தெரிந்தது. அந்தப் பள்ளியில் இடம் வேண்டும் என்றுகூட இல்லை. அவர்கள் மணியடித்தால் நாங்களும் அதே மாதிரிச் சுவருக்குள்ளிருந்து எழுந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியவன் பெயின்ட் வாசனையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததை என் வகுப்புத்தோழி பார்த்துவிட்டாள்.

"இன்னா பா, சளியா?"

"பெயின்ட் ஒத்துக்கல."

"சரி, நவுரு. பூட்டணும்."

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். தலைமையாசிரியை ஊரிலிருந்து நேராகப் பையும் கையுமாக வந்தார். வாசலில் நின்றார். கட்டடத்தைப் பார்த்தார், போர்டைப் படித்தார். பையைக் கீழே வைக்காமலே நடந்து அந்த ஜன்னல் பக்கம் போய்ச் சுவரைக் கையால் தடவினார்.

"விரிசல் எங்க சார்?"

"மூடியாச்சு டீச்சர்."

"எதுக்கு?"

"இன்னிக்கு ஆபீசர் வராரே..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. படிக்கட்டில் தடுக்கியபிறகு, தரையில் விழுவதற்குமுன் ஒரு கண நேரம் இருக்கும். அதில் எல்லாம் தெளிவாகத் தெரியும். அவர் தாழ்வாரப் படியில் உட்கார்ந்தார்.

"அதைப் பார்க்கத்தான் சார் அவரு வராரு."

இன்ஜினியர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. மணி ஒன்பது. மூடியதைத் திறந்துவிடலாம் என்று நான் சொன்னேன். என் வகுப்புத்தோழி சமையல் கொட்டகையிலிருந்து தோசைத்திருப்பி ஒன்றும் இரும்புக் கரண்டி ஒன்றும் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் சுவரைச் சுரண்டினோம். பட்டி அசையவில்லை. கடையில் இருப்பதிலேயே உசத்தியைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

"இன்னாத்த போட்டுப் பூசுன நீ? எங்கூட்டுச் செவுரு இப்டி கெட்டியா இருந்தா நான் ஏன் மழைக்குப் பக்கத்தூட்டாண்ட போறேன்?"

"அப்படி இல்ல, இங்க இடி."

"நீ இடி. எனுக்கு உல வச்சிகீது."

ஒரு மணி நேரம் போராடியதில் ஆணி பிடுங்கிய தடம்போல ஒரு சின்னக் குழி விழுந்தது. கூரையிலிருந்து சூரியக்குடும்பத்தை இழுத்துப் பார்த்தோம். பசையும் உசத்தி, சனிக்கிரகம் மட்டும் பாதி கிழிந்து, வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது. தலைமையாசிரியை எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"போதும். கவர்மென்ட் பில்டிங்கைச் சேதப்படுத்தினதுக்கு எம்பேர்ல மெமோ வரும்."

இன்ஜினியர் பைக்கில் வந்தார். இளைஞர், பண்பானவர், அன்று அது அவருக்கு நாலாவது பள்ளி. செல்போனைத் தூக்கி முன்பக்கத்திலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், தாழ்வாரத்தில் ஒரு படம் எடுத்தார். வெளிச்சம் அன்றைக்கென்று அற்புதமாக இருந்தது. தலைமையாசிரியை சுவருக்கு அழைத்துப்போய், விரிசல் எங்கிருந்து எங்குவரை இருந்தது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். பழைய படம் இருக்கிறதா என்று இன்ஜினியர் கேட்டார். இல்லை. தினமும் பார்க்கும் சுவரை யார் படம் எடுத்து வைப்பார்கள்? எங்கள் இளைஞர்கள் எடுத்த படங்களில் பனியன்கள் மட்டும்தான் இருந்தன.

நான் குறுக்கிட்டு, பூசியது நான்தான், உள்ளே விரிசல் இருப்பது சத்தியம் என்றேன்.

"நான் நம்பறேன் சார்," என்றார் அவர். "போட்டோ நம்பாது. மேல உட்கார்ந்து பார்க்கறவங்களுக்கு போட்டோதான்."

பிறகு செல்போனில் ஏதோ கேள்விக்கு வந்து நின்றார். பள்ளிக்கு வெளியாரின் ஆதரவு கிடைத்திருக்கிறதா? ஆம் அல்லது இல்லை. அவர் தலையைத் தூக்கி ஆறடி நாலடியைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"இதுக்கு 'ஆம்'னு போட்டா லிஸ்ட்ல கீழ போயிடும் மேடம். 'இல்ல'ன்னு போட்டா, இந்த போர்டு போட்டோவுல விழுந்திருக்கு."

போகும்போது, ஆறுதலுக்காகவோ என்னவோ, லீவுக்கு முன்பு பார்த்த ஒரு பள்ளியைப் பற்றிச் சொன்னார். வேலப்பன்சாவடிப் பக்கம், நெடுஞ்சாலையோரம், சுற்றிலும் புது அடுக்ககங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். ஒழுகும் இடங்களை மழைக்காலத்திலேயே படமெடுத்து, தேதி போட்டு, வரைபடத்தோடு கோப்பாகக் கொடுத்துவிட்டார்கள். பெயின்ட் அடித்துத்தர ஒரு கம்பெனி முன்வந்ததாம். லிஸ்ட் வெளியானபிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"எங்க கட்டடத்தைவிட மோசமா அது?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"மோசம்னு இல்ல மேடம். அவங்களுக்கு எப்படிக் காட்டணும்னு தெரிஞ்சிருக்கு."

எங்கள் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. தலைவி தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கிறார். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. அன்று அவர் வரவில்லை. கோப்பு போடத் தெரிந்தவர்கள், படத்துக்குத் தேதி போடத் தெரிந்தவர்கள், எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் எங்கள் மாடிகளில்தான் குடியிருக்கிறோம். அந்தப் பள்ளிக்குத் தேவைப்பட்டது எங்களில் ஒருவருடைய ஒரு மாலைப்பொழுதும் நான்கு பக்கக் காகிதமும். நாங்கள் பத்துப் பேர் பிரஷ்ஷோடு போனோம். நானோ காகிதத்தை வீணாக்குவதையே தொழிலாக வைத்திருப்பவன்.

லிஸ்ட் வந்தது. நெடுஞ்சாலைப் பள்ளிக்கு இரண்டு அறைகள். எங்களுடையதற்கு நேரே 'நல்ல நிலை'. எங்கள் பள்ளியைப் பற்றி அரசாங்கம் நல்ல வார்த்தை எழுதியது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

பல வாரங்கள் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு மத்தியானம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ரயிலில் கோவையாகத் தயார்செய்து வைத்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அறைக்குள் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே நின்று, இந்தப் பக்கம் திரும்பி ஒரு வாக்கியம், அந்தப் பக்கம் திரும்பி ஒரு வாக்கியமாகத் தலைமையாசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்புக்கு அறிவியல். புத்தகத்தில் இருந்த படத்தைத் தூக்கிக் காட்டி, "இதுதான் சோதனைக்குழாய், இதுல இப்ப தண்ணி ஊத்தறோம்னு வச்சுக்குங்க" என்றார். முப்பது பேரும் ஊற்றியதாக வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கையை வளைத்துப் பிடித்து, இல்லாத குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். சிந்தாமல் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஜன்னலில் நான் ரொம்ப நேரம் நின்றேன் என்று நினைக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்தது. அந்தப் பக்கமிருந்து எங்களுக்குத் தாராளமாக வந்தது எப்போதும் அது ஒன்றுதான்.

பாடம் முடிந்து அவர் தாழ்வாரத்துக்கு வந்தார். நான் ரயிலில் தயார் செய்ததைச் சொன்னேன். குரோட்டன்ஸ் தொட்டி, மதில், குழாய் எல்லாம் வந்தது. நடுவில் எனக்கே நன்றாக இருந்தது. அவர் கடைசிவரை கேட்டார். சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவு மழைக்கும் ஒரு திட்டு இல்லை, ஒரு உப்பல் இல்லை.

"இது என்ன பெயின்ட் சார்?"

சொன்னேன். வெளிச்சுவருக்கென்றே வருவது, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது என்றேன். பாழாய்ப்போன குரல், அதில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"ஏழு வருஷம் கேரன்ட்டி டீச்சர்."

அவர் தலையாட்டிக்கொண்டார்.

"எனக்கு சர்வீஸ் நாலு வருஷம்தான் சார் பாக்கி," என்றார்.